கேளாமல் சொன்ன ஆமென்

வெள்ளிக்கிழமைக் கூட்டம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதற்காக நான் ஆகாதவர் வேலியில் போய் நின்றதைக் கேட்டுவிட்டு, அன்னபாக்கியம் பக்தி முற்றிப்போனவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்ரீவைகுண்டத்து அணையிலிருந்து வருகிற தென்கால் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. அதில் கிறிஸ்தவர்கள் ஆறு வீடு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் ஆறு வீட்டு ஆட்களும் முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவோம். பால்குடி மறந்த பிள்ளை முதல் பல் விழுந்த கிழம் வரை எல்லாரும் வந்தாக வேண்டும். ஒரு ஞானப்பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் ஜெபம். ஜெபத்துக்கு மட்டும் சட்டம் உண்டு. வயதில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணையும் திறக்கக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது. முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும்.

இதைவிட அநியாயமான சட்டத்தை நான் கண்டதில்லை. நேருக்கு நேர் சொல்லப் பயப்படுகிறதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லுகிற மாதிரி நம் மண்டையில் போடலாம். நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். இந்த வித்தையில் கைதேர்ந்தவர் என் அடுத்த வீட்டுக் கொம்பையா. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. பெரிய வயதில் ஞானஸ்நானம் வாங்கியவர். பாதிரி எத்தனையோ வேதப்பெயர் சொல்லியும், ஆண்டவருக்கு என்னை இந்தப் பேரில்தான் தெரியும் என்று பழைய பெயரையே பிடித்துக்கொண்ட வீம்புக்காரர். என் தென்னை ஒன்று அவர் வளவுக்குள் சாய்ந்து நிற்கிறது. அதில் விழுகிற காய் யாருக்கு என்பதில்தான் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர ஜெபம் நிற்கவில்லை. "கர்த்தாவே, இந்தக் கூட்டத்திலே புருஷனை இழந்த ஒரு ஸ்திரீயின் நாவு ஒரு முழம் நீண்டிருக்கிறது, அதைத் தேவரீர் சுருக்கியருளும்" என்பார். அவர்தான் கூட்டத்தில் மூத்தவர் என்பதால் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையது. நான் பதில் சொல்ல அடுத்த வெள்ளி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊரும் சுற்று ஊர்களும் சேர்ந்த சேகரத்துக்குப் புதுப் பாதிரியார் வந்தார். பாளையங்கோட்டையில் படித்த வாலிபர். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டத்தைப் பார்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு முதலில் ஜெபித்தது கொம்பையாவின் பேத்தி செல்லக்கிளி. அதற்கு நாலு வயது. கைகூப்பிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க பாட்டையா அன்னபாக்கியம் அத்தை வீட்டுத் தேங்காய எடுத்து வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காவ, ஆமென்" என்றது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னேன்.

பாதிரியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சிறுபிள்ளைகளையும் முதியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவருக்கும் பக்திவிருத்தி உண்டாகாதாம். இனிமேல் ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம், கல்யாணமாகாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிரியாருக்கு அடுத்தபடியாக ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரின் மனைவி நடத்துகிற ஒரு கூட்டம். என் வீட்டுக்காரருக்கு மூத்தவரான தானியேல் அத்தான் சபைக் கமிட்டியில் இருக்கிறார். அவர் எழுந்து நின்று, இது காலத்துக்கேற்ற நல்ல ஏற்பாடு என்றார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அதோடு நின்றது. தெருவிலே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான்தான். இனிமேல் கொம்பையாவின் வாய் ஆண்களோடு போயிற்று என்று நினைத்தேன்.

பெண்கள் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம், தானியேல் அத்தான் வீட்டில். நடத்துகிறது அவர் மனைவி லோயிசாள். அவள் ஜெபம் ஆரம்பித்தால் ஒரு பானை சோறு வெந்து வடித்துவிடலாம். ஆதாமில் தொடங்குவாள். நாங்களோ பகலெல்லாம் குனிந்து நாற்று நட்டுவிட்டு இடுப்பு ஒடிந்து வந்திருப்போம். கண்ணை மூடு என்றால் அதற்கென்றே காத்திருந்த மாதிரி தூக்கம் வரும். குரல் இறங்கி ஒரு நிறுத்தம் வந்தால், எழுந்து ஆமென் சொல்லிவிட்டுப் போவோம். நான் மட்டுமல்ல, எல்லாரும் அப்படித்தான். ஜெபத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆமென் சொன்னோம் என்று எங்கள் ஊரில் யாராவது சத்தியம் பண்ணினால் நான் நம்பமாட்டேன்.

அந்த நாட்களில்தான் என் மகள் மதுரம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். பதினாறு வயது. கேட்டதற்குத் தலையாட்டுவாள், கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். வயசுக் கொழுப்பு என்று நானும் விட்டுவிட்டேன். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா யாருட்டி பயப்படுதா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குளிர்காய்ச்சல். மதுரம் மட்டும் கோவிலுக்குப் போனாள். மத்தியானம் ஆகியும் வரவில்லை. நான் போர்த்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, எத்தனையோ மாதமாக என் பக்கம் திரும்பாத கொம்பையா வேலியருகில் வந்து நின்றார்.

"கண்டிச்சீமை மாப்பிள்ளையாமே. கொடுத்து வச்சவதான்" என்றார்.

"யாருக்கு மாப்பிள்ளை?"

"ஒண்ணுந் தெரியாதவ மாதிரி கேளு. உம் மகளுக்கும் லோயிசா தம்பி யோபுக்கும் இன்னைக்கு ஓலை வாசிச்சாச்சுல்லா."

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். பெற்றவளுக்குத் தெரியாது. யோபு யார் தெரியுமா? நாற்பது தாண்டியவன். பெண்சாதியைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கிறவன். தானியேல் அத்தானின் மகனுக்கு அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை வாங்கித் தருவதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். அதற்கு என் பிள்ளை விலையா? கடல் தாண்டிப் போய்விட்டால் அவள் முகத்தை நான் எந்தக் காலத்தில் பார்ப்பேன்?

காய்ச்சல் எங்கே போனதோ தெரியாது. தானியேல் அத்தான் வீட்டு வாசலில் போய் நின்றேன். லோயிசாள் வாசற்படியை மறித்துக்கொண்டாள். "ஓலை வாசிச்ச பொண்ணு, மாப்பிள்ளை வீட்டாளுக கண்ணு பாக்க இங்கனதான் இருக்கணும். அழுது அவ மனசக் கலைக்காத" என்றாள். உள்ளே மதுரம் இருக்கிறாள் என்று தெரியும். கூப்பிட்டுப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

தானியேல் அத்தான் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு ஓலை குடுத்திய அத்தான்? நான் சம்மதிச்சேனா?"

"சம்மதிச்சியே. புதன்கிழமைக் கூட்டத்துல லோயிசா என்ன ஜெபிச்சா? மதுரத்துக்குக் கர்த்தர் யோபுவைத் துணையா ஏற்படுத்துனதுக்காகத் தோத்திரம்னு ஜெபிச்சாள்லா? எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கையில நீ ஆமென் சொன்னியா, இல்லியா?"

"நான் தூங்கிட்டேன்."

"அப்போ ஆண்டவர் சமுகத்துல தூங்கினேன்னு போயி பாதிரி ஐயர்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, பல்குத்த ஈர்க்கு ஒடிக்கப் போனார்.

போய்ச் சொன்னேன். வெட்கத்தைவிட்டு அதையேதான் சொன்னேன். பாதிரியார் கிராமங்களைச் சுற்றிப் பார்க்க வில்வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு காலை வண்டியில் வைத்தபடியே நின்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அம்மா, தாயார் சம்மதித்தார்கள் என்று ஆண்கள் கூட்டத்தில் உங்கள் மைத்துனர் ஸ்தோத்திர ஜெபம் செய்தார். பெண்கள் கூட்டத்தில் நீங்களே ஆமென் சொல்லியிருக்கிறீர்கள். உபதேசியார் மனைவி ஜெபித்தபோது பெண்ணும் ஆமென் சொன்னாள். மூன்று கூட்டத்திலும் ஆமென் சொல்லப்பட்ட காரியத்தை நான் எப்படிச் சந்தேகிப்பேன்? ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். அதற்குள் உங்கள் குடும்பத்துக்குள் பேசி ஒருமனப்படுங்கள்" என்றார். வண்டி போய்விட்டது.

அந்த வண்டிப்பாதையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆண்களிடம் தாய் சம்மதித்தாள் என்றார்கள். உபதேசியார் மனைவியிடம் அதையே சொல்லி, அவள் வாயால் என் பிள்ளையின் காதில் போட்டார்கள். என்னிடமோ தூக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆறு வீடும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பொய் ஒரு ஜெபத்துக்குத் தாங்குமா? செல்லக்கிளி ஒருத்தி போதும், போட்டு உடைப்பதற்கு. எங்களை மூன்றாகப் பிரித்துவைத்தது பாதிரியாருக்குப் பக்திவிருத்தி. தானியேல் அத்தானுக்கு அது வசதி. அன்றைக்குக் கைகொட்டிச் சந்தோஷப்பட்ட என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். நான் கூப்பிட்டால் ஒரு ஈ காக்காய் வராது. தெருவில் நான் சண்டைபோடாத வீடு இல்லை. மூத்தவர் கூப்பிட்டால்தான் வருவார்கள், தானியேல் அத்தானும் தட்ட முடியாது. அந்த மூத்தவர் யார் என்பதை நினைக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

கொம்பையா வைக்கோலை உதறி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப்பக்கம் நின்றே விஷயத்தைச் சொன்னேன். பாதிரியார் சொன்னதையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"ஆம்பிளைக கூட்டத்துல நானும் ஆமென் சொன்னேன்" என்றார். "பெத்தவ சம்மதம்னு தானியேலு ஜெபத்துல சொன்னான். எவனாவது ஜெபத்துல பொய் சொல்லுவானான்னு நெனச்சேன்."

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல கூட்டம் வச்சு, நீங்க எல்லாரையும் கூப்பிடணும் பாட்டையா." அந்தப் பாட்டையாவைச் சொல்ல என் நாக்கு கூசியது.

"உன் வீட்டு வாசல்ல காலு வைக்கமாட்டேன்னு சொன்னவன் நான். வைக்கமாட்டேன்."

"அப்போ?"

"கூட்டம் எங்க வீட்டுல. நீ வா." வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்காகக் கூட்டுதேன்னு நெனச்சுக்கிடாத. என்னைக் கேட்காம என் வாயில இருந்து ஒரு ஆமென்ன எடுத்துட்டான்லா அந்தப் பய, அதுக்குத்தான்."

அவர் வீட்டுப்படியை மிதிப்பதில்லை என்று நானும் ஊரறியச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மிதித்தேன். ஆறு வீட்டாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகுட்டியோடு வரணும், ஒரு ஆள் குறையக்கூடாது என்று கொம்பையா வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். தானியேல் அத்தான் மதுரத்தை லோயிசாளுக்கும் சுவருக்கும் நடுவில் உட்காரவைத்தார். அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பாட்டும் வேதவாசிப்பும் முடிந்தன. செல்லக்கிளி மாட்டுக்கும் கன்றுக்கும் ஜெபித்தது. மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டு வரி சொன்னார்கள். அடுத்தது மதுரம்.

"கல்யாணப் பொண்ணு. அவ ஜெபிக்க வேண்டாம், கூச்சப்படுதா" என்றார் தானியேல் அத்தான்.

"முறைன்னா முறைதாம்லே. கண்ண மூடு" என்றார் கொம்பையா.

ஐம்பது வயது ஆளை இத்தனை பேர் முன்னால் 'லே' போட்டுச் சொல்ல அந்தக் கிழவருக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அத்தான் கண்ணை மூடினார். நானும் மூடினேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மாடு அசைபோடும் சத்தம் மட்டும் வந்தது. என் பிள்ளை வாயைத் திறக்கமாட்டாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து கத்திவிடலாமா என்று இருந்தது. கத்தினால் கூட்டத்தைக் கலைத்தவள் நான் ஆவேன்; அத்தானுக்கு அதுதான் வேண்டும்.

"ஆண்டவரே" என்றாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்க அம்மா வாக்குக் குடுத்துட்டான்னு உபதேசியார் அம்மா ஜெபத்திலே சொன்னார்கள். அம்மா வாக்கை நான் மீறக்கூடாதே என்று ஆமென் சொன்னேன். மனசிலே சொல்லவில்லை. என்னைக் கண்டிச்சீமைக்கு அனுப்பவேண்டாம், ஆண்டவரே. எனக்குப் பயமாக இருக்கிறது."

அதற்குமேல் அழுகைதான். தானியேல் அத்தான் தொண்டையைக் கனைத்தார். கனைக்கலாம், பேசக்கூடாது. எத்தனை வருஷமாக என் வாயைக் கட்டிப்போட்ட அந்தப் பாழும் சட்டம் அன்றைக்கு அவர் வாயைக் கட்டிப்போட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக, முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அத்தனை வெள்ளிக்கிழமையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மதுரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் என்று முடித்தாள்.

"ஆமென்" என்றார் கொம்பையா. வீட்டு ஓடு அதிரும்படி சொன்னார். பிள்ளைகள் சொன்னார்கள், நடுவயதுக்காரர்கள் சொன்னார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக, பழக்க தோஷத்தில், லோயிசாளும் ஆமென் என்றாள். சொன்னபிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று தெரிந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தானியேல் அத்தான் முறை வந்தபோது, பெண்பிள்ளைகளின் அடங்காமையைப் பற்றி ஆண்டவரிடம் நீளமாகப் புகார் சொன்னார். முடிவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தன் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலிலேயே கொம்பையா பாதிரியாரை நிறுத்தினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அடுத்த வாரமே என் தென்னையில் விழுந்த இரண்டு காயைக் கிழவர் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனார். அந்தச் சண்டை தன்பாட்டுக்கு நடக்கிறது.

இதோடு கதையை முடித்திருந்தால் நான் ஜெயித்தவள் ஆகியிருப்பேன். முடிக்கத் தெரியவில்லை எனக்கு.

ஓலை நின்றுபோன ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை மதுரமும் நானும் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாளே தவிர, பேச்சு இன்னும் முழுசாக வரவில்லை. நான்தான் தானியேல் அத்தானையும் லோயிசாளையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுகிற வேகத்தில் அவளையும் இழுத்தேன்.

"அவுகதான் பொய் சொன்னாக. நான் வாக்குக் குடுத்திருப்பேன்னு நீ எப்படிட்டி நம்புன? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா?"

அவள் துவைப்பதை நிறுத்தினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

"நீ சொல்லக்கூடியவதானம்மா" என்றாள். "இந்தச் சனியன எவன் தலையிலயாவது கட்டிவிட்டாத்தான் எனக்கு நிம்மதின்னு தெனமும் சொல்லுதியே. சரி, நீ சொன்னபடி செஞ்சிட்டன்னு நெனச்சேன்."

மறுபடியும் குனிந்து துவைக்க ஆரம்பித்தாள். தெருவில் யாருக்கும் நான் பதில் வைக்காமல் விட்டதில்லை. பாதிரியாருக்குப் பதில் இருந்தது, அத்தானுக்கு இருந்தது, கொம்பையாவுக்கு வாரத்துக்கு ஒன்று இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒன்றுமே வரவில்லை. கையில் இருந்த சேலையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. எழுந்து பிடிக்கவும் தோன்றவில்லை. பொய்யைச் சொன்னது தானியேல் அத்தான்தான். ஆனால் என் பிள்ளைக்கு அது என் குரலில் கேட்டிருக்கிறது.